ஊதா பாட்டில்

"ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ரெண்டு மெமரி, அதான் ராம் ஸ்டிக்கைக் காணோம். அதைத் திறக்கிறது நீ ஒருத்திதான். அப்ப எடுத்தது யாரு, நானா?"

மேலாளர் இதைக் கேட்டது தன் வீட்டுக் கூடத்தில் வைத்து.

கம்ப்யூட்டர் மெக்கானிக் தன் கைக்குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். "நான் எடுக்கல சார். உங்க ஆபீஸ் வேலை போச்சுன்னா கடையை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான்."

"மேலிடத்துக்கு இன்னும் எழுதல. எனக்கு இளகின மனசு. முதல்ல என் வீட்டுக் கம்ப்யூட்டரைச் சும்மா சரி பண்ணிக் குடு, பார்ப்போம்."

"என்ன செய்யுது சார்?"

"ஒரு வாரமா ஆன் பண்ணா பீப் பீப்னு கத்துது. இதுல வெளியாள் கை பட்டதே இல்ல. எல்லாம் நானே பார்த்துக்குவேன்."

மேலாளரின் மனைவி குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

மெக்கானிக் பையைத் திறந்தாள். ஸ்க்ரூடிரைவர்களுக்கு நடுவே ஊதா நிற நெயில்பாலிஷ் பாட்டில்.

மேலாளர் சிரித்தார். "வேலைக்கு வர்ற இடத்துல நகத்துக்குச் சாயம் வேறயா?"

அவள் நகங்களில் சாயம் எதுவும் இல்லை. கம்ப்யூட்டர் பெட்டியின் மூடியைக் கழற்றினாள்.

"இரு. உள்ளே இருக்கிறது ஒண்ணொண்ணையும் அடையாளத்தோட சொல்லு, எழுதிக்கிறேன். நாளைக்கு அது இல்ல, இது இல்லன்னு ஆகக் கூடாது. ஒரு பொருள் விட்டுப்போகக் கூடாது."

"மதர்போர்டு ஒண்ணு. பழசு."

எழுதினார்.

"பிராசசர் ஒண்ணு, மேல ஃபேன். ஹார்ட் டிஸ்க் ஒண்ணு. பவர் சப்ளை ஒண்ணு, ஒரு ஸ்க்ரூ இல்ல."

"ஸ்க்ரூவையும் போட்டாச்சு. மேல சொல்லு."

அவள் குனிந்தாள். சற்று நேரம் நிமிரவில்லை. அப்புறம் இரண்டு பச்சைப் பட்டைகளைப் பிடுங்கி மேசைமேல் வைத்தாள்.

"பீப் சத்தம் இதனாலதான் சார். மாட்டினவர் சரியா அழுத்தல."

"அடையாளத்தைச் சொல்லும்மா."

"ராம் ஸ்டிக் ரெண்டு. ரெண்டுலயும் ஓரத்துல ஊதாப் பொட்டு. நான் மாட்டுற ஒவ்வொரு பொருள்லயும் வைக்கிற பொட்டு, சார்."

பேனா நின்றது.

குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏங்க, எழுதுங்க. ஒரு பொருள் விட்டுப்போகக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"