மணி அடிக்கவில்லை

மல்யுத்தக் கூண்டுக்குள் திலகாவைக் கீழே தள்ளி, ரோஸ்லின் அவள் மார்பின் மீது ஏறி உட்கார்ந்த நாற்பதாவது நொடியில் மணி அடித்தது. திலகாவின் கழுத்தில் ஒட்டியிருந்த, நடுவர் வேலை பார்க்கும் மின்வில்லை கணக்குப் போட்டு முடித்திருந்தது: இனி இவள் தப்ப வழியில்லை. ஆட்டம் ரோஸ்லினுக்கு.

வில்லை இப்படித் தோற்கடிப்பது இது மூன்றாவது முறை. உடை மாற்றும் அறையிலும் திலகாவுக்கு ஆறவில்லை.

"இன்னும் ரெண்டு செகண்டு விட்டிருந்தா உன்னப் பொரட்டியிருப்பேன்."

"கிழிச்ச," என்றாள் ரோஸ்லின். "வில்லைக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா?"

"கழட்டிட்டு வா, காட்டறேன்."

இருவரும் வில்லைகளைப் பிய்த்துப் போட்டுவிட்டு, ஆட்டம் நின்றுபோன நிலையிலிருந்தே தொடங்கினார்கள்: திலகா கீழே, ரோஸ்லின் மேலே. திலகா ரோஸ்லினின் ஒரு கையைத் தன் மார்போடு அணைத்து, அதே பக்கத்துக் காலைத் தன் பாதத்தால் அடைத்து, இடுப்பை எக்கிப் புரட்டினாள். ரோஸ்லின் கீழே போனாள். அடுத்த மூச்சில் அவள் கை திலகாவின் தொடைகளுக்கு நடுவே நீண்டு மாட்டியிருந்தது.

மணி அடிக்கும்வரை, மாட்டிய கையைப் பின்பக்கமாக வளைப்பதுதான் திலகாவுக்குப் பழக்கம். வளைத்தாள். ரோஸ்லினும் பழக்கத்தில் மணியை எதிர்பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு கூரையையே பார்த்தாள். தோற்பவர் தரையைத் தட்டினால் பிடியை விட்டுவிடுவது பழைய காலத்து வழக்கம். சிறு வயதிலேயே வில்லையோடு ஆட வந்த இவர்களுக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை.

முழங்கையில் சுள்ளி முறிவது போல ஒரு சத்தம் கேட்டது.

திலகா பதறிப்போய்ப் பிடியை விட்டாள். "ஏன்டி, விடுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

ரோஸ்லினின் முகம் வெளிறிப்போயிருந்தது.

"சொல்லலாமா?" என்று கேட்டாள்.