மேற்குச் சரிவின் அந்து

அக்கா தீப்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, பூதக்கண்ணாடியை இழுத்து வைத்துக்கொண்டாள்.

உள்ளே, பஞ்சின்மேல், சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இல்லாத ஒரு அந்துப்பூச்சி. சாம்பல் நிற இறக்கை. குறுக்கே துருவேறிய கம்பிபோல ஒரு கோடு. ஓரத்தில் மட்டும் ஆரஞ்சு இழை.

அக்கா வேலை பார்க்கும் அருங்காட்சியகத்தின் பின்னறையில் அந்துருண்டை வாடை மூக்கைத் துளைத்தது. செத்த பூச்சியை உயிருள்ள பூச்சி தின்றுவிடக் கூடாதாம்.

தம்பி ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்திருந்தான். வேன் ஓட்டுபவன். வெளியூர் லோடுக்குப் போனால் அவளுக்கு இப்படி எதையாவது பிடித்து வருவான். துணிமணி வாங்கி வந்தால் அவள் முகம் மலராது.

"எங்கடா பிடிச்ச?"

"துறைமுகத்துல. லோடு இறக்குற இடத்துல."

அவள் நிமிரவில்லை. "இது கடல் பக்கம் எட்டியே பாக்காது. மலையோட மேற்குச் சரிவுதான் இதுக்கு உலகம். அடிவாரத்துக்குக்கூட இறங்காது."

அவன் ஸ்டூலை விட்டு எழுந்தான்.

மேற்குச் சரிவில் இருப்பது ஒரே ஊர். அங்கேதான் அப்பா இருக்கிறார், வேறொரு குடும்பத்தோடு.

அவர் போனபோது இவன் நடை பழகிக்கொண்டிருந்தான். வளர்த்து ஆளாக்கியது அக்கா. அந்த ஆளின் வாசலை மிதிப்பவன் என் வாசலை மிதிக்கக் கூடாது என்று அன்றே சொல்லிவிட்டாள். மீறிப் போய்வந்த சித்தப்பாவின் முகத்தில் இன்றுவரை விழிப்பதில்லை.

ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் இந்தப் பொய்யைச் சொல்லியிருக்கலாம். பூச்சிக்காரியின் கையில் பூச்சியையும் கொடுத்துவிட்டுச் சொல்லியிருக்கிறான், மடையன்.

"அக்கா, அது வந்து..."

அவள் எழுந்துபோய் அலமாரியின் கடைசி இழுப்பறையை இழுத்தாள்.

கண்ணாடிக்கு அடியில் அதே சாம்பல், அதே கோடு. ஒன்றல்ல, ஒரு வரிசை. முன்னால் இருந்தவை பழசாகி வெளுத்திருந்தன. கடைசியில் இருந்ததன் ஆரஞ்சு இழை இன்னும் மங்கவில்லை.

"இதெல்லாம் யாரு பிடிச்சதுக்கா?"

அவன் கொண்டுவந்ததை இடுக்கியால் எடுத்து, வரிசையின் கோடியில் வைத்தாள்.

"அப்பா ராத்திரியில வாசல் விளக்க அணைக்கவே மாட்டேங்குறாருடா. எத்தனை தடவை சொன்னாலும் கேக்குறதில்ல."