சம்மதம்

சமையலறை மேசைமேல் ஸ்பீக்கரில் போட்ட கைப்பேசியில், விடுப்பு அலுவலகத்தின் காத்திருப்பு இசையே திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. பேருந்து ஓட்டும் மகள், பக்கவாதம் வந்த அப்பாவைப் பார்த்துக்கொள்ள விடுப்பில் இருக்கிறாள். விடுப்புச் சம்பளம் இன்னும் வந்தபாடில்லை. அதற்கான மனு இன்றும் தேங்கினால், நாளை அவரைத் தனியே விட்டுவிட்டு வண்டி எடுக்க வேண்டியதுதான். அவர் வாயோரம் வழியும் பாலை அவள் துடைக்கும்போது இசை சட்டென்று நிற்கிறது. "அப்பாகிட்ட குடுங்கம்மா. நீங்க லீவு போட்டு அவரைப் பார்த்துக்கறதுக்குச் சம்மதம்னு அவரே வாய்விட்டுச் சொல்லணும்," என்கிறார் விடுப்பு அலுவலர். "அவருக்குப் பேச்சு வராது சார். அதனாலதானே லீவே எடுத்தேன்." "புரியுதும்மா. குரல் பதிவு இல்லாம ஃபைல் நகராது." அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கைப்பேசியை அப்பாவின் உதட்டருகே பிடிக்கிறாள். அவர் கழுத்து நரம்பு புடைக்கிறது; "ச" என்று வெறும் காற்றுதான் வருகிறது. மறுபடியும் அதே காற்று. மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் நின்றுபோகிறது. "போதும்மா, பதிஞ்சாச்சு. இன்னைக்கே அனுப்பிடறேன்." அலுவலரின் குரல் தணிந்திருக்கிறது. அவள் கைப்பேசியை விலக்கப் போகிறாள். அப்பா தன் நல்ல கையால் அவள் மணிக்கட்டை இறுகப் பிடிக்கிறார். அவர் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.