ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது

"முதல் நிபந்தனை, சுவத்துல ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது."

மாடி வீட்டின் பூட்டைத் திறப்பதற்கு முன்பே அந்த அம்மாள் சொல்லிவிட்டார். லிஃப்ட் மெக்கானிக் அவசரமாகத் தலையாட்டினான். மூச்சைச் சத்தமாக விடக் கூடாது என்றிருந்தாலும் ஒப்புக்கொண்டிருப்பான்.

மனைவிக்கு ஆறாவது மாதம். பிரசவம் வரை படுக்கையிலேயே இருக்க வேண்டும், ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஊரையே ஏற்றி இறக்குகிறவன், ஆஸ்பத்திரியைச் சுற்றி ஒன்பது வீடு தானே ஏறி இறங்கிவிட்டான். "அஞ்சு மாசத்துக்கு மட்டும்" என்றால் சிரித்தார்கள். "அவ முழுகாம இருக்கா" என்றால் கதவைச் சாத்தினார்கள். மருந்துக் கடைக்காரர் சொல்லித்தான் இந்தப் பத்தாவது வீட்டுக்கு வந்தான்.

"ரெண்டாவது, தொட்டிச்செடி வைக்கக் கூடாது."

"செடிகூடவாம்மா?"

"செடி வேர் விட்டா ஆளும் வேர் விடும், தம்பி. கட்டில், பீரோ, அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கு. பையோட வந்து பையோட போகணும். ஒப்பந்தம் முப்பதே நாளுக்குத்தான். முப்பதாம் நாள் சாவி என் கைக்கு வந்துடணும். இன்னும் ஒரு மாசம் வேணும்னா புதுசா கையெழுத்துப் போட்டு வாங்கிக்கணும்."

"சரிங்கம்மா."

"என்னடா இவ்வளவு கெடுபிடின்னு நினைக்காதீங்க. பட்ட வீடு இது. ரெண்டே மாசம்னு ஒருத்தி வந்தா. கையில ஒரு பெட்டி, இடுப்புல ஒரு குழந்தை. முதல்ல காலண்டர் மாட்ட ஒரு ஆணி. அப்புறம் கண்ணுக்குக் குளுமையா ஒரு தொட்டி. அப்புறம் பிள்ளையைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துல சேர்த்தா. பரீட்சை முடியட்டும், கிளம்பிடறேன்னா. எந்தப் பரீட்சைன்னு சொல்லலை. காலேஜ் பரீட்சையே முடிஞ்சு போச்சு! இடத்தைக் குடுத்தா மடத்தைப் பிடுங்குறதுன்னா சும்மாவா?"

சொன்னால் பத்தாவது கதவும் சாத்திக்கொள்ளும் என்று மெக்கானிக்குக்குத் தோன்றியது. ஆனாலும் மறைக்க மனம் வரவில்லை.

"அம்மா, என் சம்சாரத்துக்கு ஆறு மாசம். குழந்தை இங்கேதான் பொறக்கும்."

அந்த அம்மாள் பூட்டில் வைக்கப்போன சாவியை விரலில் மாட்டிக்கொண்டார்.

"குழந்தை வந்த வீட்டை விட்டுக் கிளம்ப மனசே வராது. எனக்குத் தெரியும்" என்றவர், படிக்கட்டில் எட்டிப் பார்த்தார். "கீழே ஆட்டோவுல உக்காந்திருக்கிறது அந்தப் பொண்ணுதானா? வெயில்ல போட்டு வதைக்கிறீங்களே! கூட்டிட்டு வாங்க முதல்ல."

அப்படித்தான் வீடு கிடைத்தது.

முப்பது நாளுக்கு ஒரு முறை கீழ்வீட்டுக்குப் போய்ச் சாவியைக் கொடுப்பான், கையெழுத்துப் போட்டுத் திரும்ப வாங்குவான். போகும்போதெல்லாம் அவனுக்குச் சிரிப்பு வரும். அந்த அம்மாளின் சுவர் முழுக்க ஆணி. ஆணிக்கு ஒரு படம். முற்றத்தில் மாதுளை, தொட்டியை உடைத்துக்கொண்டு மண்ணிலேயே வேர் விட்டிருந்தது. ஊருக்குத்தான் உபதேசம், தனக்கில்லை என்று நினைத்துக்கொள்வான்.

ஆனால் வாயில்தான் கறார். மூன்று வேளையும் மூச்சு வாங்க மாடியேறி வந்து அவன் மனைவியைச் சாப்பிட வைத்தது அந்த அம்மாள்தான். வலி எடுத்த அன்று அவன் வேலைத்தளத்திலிருந்து ஓடி வருவதற்குள் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்து, வாசலிலேயே உட்கார்ந்திருந்ததும் அவர்தான். பெண் குழந்தை. தாயும் சேயும் நலம்.

ஐந்தாவது ஒப்பந்தம் முடிந்த அன்று காலை மெக்கானிக் பைகளைக் கீழே இறக்கினான். சுவரில் ஒரு கீறல் இல்லை. சாவியை நீட்டினான்.

"ஒன்பது பேர் சாத்தின கதவை நீங்க திறந்தீங்க. உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலைம்மா."

"நன்றியா? அதை நானே இன்னும் சொல்லி முடிக்கலை, தம்பி" என்றார் அந்த அம்மாள். போனில் யாரையோ அழைத்து அவன் கையில் கொடுத்துவிட்டு, குழந்தையை வாங்கிக்கொண்டு மாதுளை நிழலுக்குப் போய்விட்டார்.

"குழந்தை நல்லா இருக்கா?" வயதான ஆண் குரல். "அந்தம்மாவுக்குத் தினமும் உங்க பேச்சுத்தான்."

"நல்லா இருக்கு. நீங்க யாருங்க?"

"வீட்டு ஓனர். வெளியூர்ல இருக்கேன்."

அவன் திகைத்துப்போய் மாதுளையைப் பார்த்தான். "அப்போ... அம்மா?"

மறுமுனையில் பலத்த சிரிப்பு. "ரெண்டே மாசம்னு வந்தவ கதையைச் சொல்லியிருப்பாங்களே? அவங்களேதான் அது. இருபத்திரண்டு வருஷமா காலி பண்ணுங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. அதான், மத்தவங்களைக் காலி பண்ண வைக்கிற வேலையை அவங்ககிட்டயே குடுத்துட்டேன்!"