ஆதிபா டீச்சரின் மஞ்சள் கை

ஆதிபா டீச்சர் உக்குவளைக் கடைத்தெருவில் நடந்து வந்த கோலத்தைப் பார்த்து, தையல்காரர் நளீம் மாஸ்டர் வாயில் கவ்வியிருந்த குண்டூசியை விழுங்கப் பார்த்தார்.

கத்தரிப்பூ நிறத்தில் நீளச் சட்டை. அதற்கு ஒரு கை மட்டும் மஞ்சள். பொக்கெட் இருக்க வேண்டிய இடத்தில் வெட்டுத்துணியால் ஒரு பறவை.

"அறுபத்தொரு வயசு. முப்பது வருசம் கணக்குப் படிப்பிச்சிட்டு பென்ஷன் எடுத்த மனுசி. லட்சணத்தப் பாரு!" என்றார் மனைவி நோனாவிடம்.

நோனா பார்க்கவில்லை. தைத்து முடித்த உடுப்புகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தாள். அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோய், பொத்தான் வைத்து, அயன் பண்ணிக் கொண்டுவருவது அவள் வேலை.

"அவங்க உடுப்ப அவங்களே தைச்சுப் போடுறாங்க. உங்களுக்கு என்ன?"

"எனக்கு என்னவா? அந்த மனுசி மெஷின் வாங்கின நாள்ல இருந்து ஒரு முழம் துணி இந்தப் பக்கம் வந்துச்சா?"

"விடுங்களேன். பாவம்."

"யாரு பாவம்?"

நோனா பையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினாள்.

மாஸ்டர் கத்தரிக்கோலை மேசையில் டமால் என்று போட்டார். கோபம் சும்மா வரவில்லை. நாற்பது வருசமாக இந்த ஊரில் நளீம் மாஸ்டர் வெட்டு என்றால் வெட்டுத்தான். பிள்ளைகுட்டி இல்லாத மனிதர். சொத்து என்று சொல்லிக்கொள்ள இருந்தது அந்தப் பேர் ஒன்றுதான். அதை ஒரு கணக்கு டீச்சர் வந்து கெடுப்பதா?

பெருநாளுக்கு இன்னும் பத்து நாள். அந்த நேரம் பார்த்து வாடிக்கைக்காரி றம்லா வந்து துணியை மேசையில் போட்டாள்.

"நளீம் நானா, ஆதிபா டீச்சர் போட்டிருக்காங்களே, அத மாதிரி ஒரு கைய மட்டும் வேற கலர்ல வச்சுத் தாங்களேன்."

அவ்வளவுதான். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கழற்றக்கூட மறந்து, மாஸ்டர் டீச்சர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

விறாந்தையில் தையல் மெஷின். தரையெல்லாம் வெட்டுத்துணி. பழைய கணக்குக் கொப்பிகள் விரிந்து கிடந்தன. அவற்றின் பின்பக்கமெல்லாம் சட்டைப் படங்கள்.

"வாங்க மாஸ்டர், இருங்க."

"இருக்க வரல்ல. என்ன கூத்து டீச்சர் இது? ஊர்ப் பிள்ளைகள் சிரிக்காதா?"

"சிரிக்குதுகள்தான். நான் கணக்குப் படிப்பிச்ச காலத்துல ஒருநாளும் சிரிச்சதில்ல. இப்பவாவது சிரிக்கட்டுமே."

மாஸ்டர் பேச்சைச் சட்டையில் இருந்த பறவை பக்கம் திருப்பினார்.

"அது என்ன, கோழியா?"

"கிளி."

"கோழி மாதிரித்தான் இருக்கு."

"இதுக்கு முந்தித் தைச்சதப் பார்த்திருக்கணும் நீங்க. மயில்ல தொடங்கி வாத்துல முடிஞ்சிச்சு."

டீச்சர் சிரித்த சிரிப்பில் மாஸ்டருக்கே சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"சின்ன வயசுல நல்லாப் படம் கீறுவேன் மாஸ்டர். வாப்பா கலர்ப் பென்சிலப் பிடுங்கிட்டுக் கணக்குக் கொப்பியத் தந்தாரு. அதோட சரி. போன வருசம் புதுச் சட்டை ஒன்னப் போட்டுப் பார்த்தா, ஒரு கை ரெண்டு அங்குலம் கட்டை. வீச மனசு வரல்ல. மஞ்சள் துணியில ஒரு பட்டி வச்சு நீட்டினேன். கண்ணாடியில பார்த்தேன். அல்லாஹ்வே! அன்னைக்கு சோறாக்கவும் மறந்து கீறிக்கிட்டே இருந்தேன்."

மாஸ்டரின் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான்.

"ரெண்டு அங்குலம் கட்டையா? எந்த அரைவேக்காடு தைச்சான் அத?"

டீச்சர் ஒரு கணம் முழித்தார்.

"அது... கண்டியில வாங்கின ரெடிமேட்."

"பார்த்தீங்களா! ரெடிமேட்னா அப்படித்தான். நம்ம கையால தைச்சிருந்தா ஒரு நூல் பிசகியிருக்குமா?"

"பிசகாது மாஸ்டர்," என்றார் டீச்சர், தரையில் கிடந்த துண்டுத்துணிகளைப் பொறுக்கிக்கொண்டே.

மாஸ்டருக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"போகட்டும், பொத்தானுக்கு ஒரு காஜா கட்டுற விதம் காட்டித் தாறேன். ஊசியத் தாங்க."

ஊசியை வாங்கி நூல் கோர்க்கப் போனார். ஒரு தரம். இரண்டு தரம். நூலை எச்சில் தொட்டு நீவி, மூன்றாம் தரம்.

"இப்ப வாற ஊசிக்கெல்லாம் காது ஒழுங்கா வைக்கிறானுகள் இல்ல."

"உண்மைதான் மாஸ்டர்," என்று டீச்சர் ஊசியை வாங்கி, ஒரே தரத்தில் கோர்த்து அவர் கையில் கொடுத்துவிட்டு, பிளேன்டீ ஊற்றக் குசினிக்குப் போனார்.

மாஸ்டர் பெருமையோடு மஞ்சள் துணியில் முதல் குத்துக் குத்தும்போது, குசினியின் பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. நன்றாகத் தெரிந்த குரல் ஒன்று மூச்சு வாங்கியது.

"டீச்சர், இந்த முறை அஞ்சு உடுப்பு. நாலுல தையல நேராக்கினாப் போதும். இதுலதான் ரெண்டும் இடது கையாவே வச்சிருக்காரு!"

"நோனா, மெதுவா..."

"நாளைக்கு அயன் பண்ணிக் கடையில குடுக்கணும். வழமை போல அவருக்குத் தெரியாமச் சரிப்பண்ணித் தந்துருங்க டீச்சர். எங்க மனுசனுக்கு இருக்கிறது அந்தப் பேரு ஒன்னுதான்."