சிவப்புக் கோடு

இப்போதெல்லாம் எவனுக்கும் கண் கிடையாது. போன்தான் பார்க்கிறது.

கண்ணாடிப் பெட்டிக்கு முதுகைக் காட்டி நிற்கிறார்கள். தன் மூஞ்சியைத் தானே படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று ஒருத்தரும் குனியவில்லை.

அவர் குனிந்தார்.

அட்டைகள். ஒரு சாண் கனத்துக்கு நெருக்கி அடுக்கியவை. ஒவ்வொன்றிலும் பொடிப்பொடியாய்த் துளை. அடுக்கின் மேல்விளிம்பில் சிவப்பு மை.

சுவரில் 'கணினி முன்னோடிகள்' என்று பெரிய பலகை. அதன் கீழே ஏழு படங்கள். ஏழு பேரும் டை கட்டியவர்கள்.

பெட்டியின் அடியில் பித்தளைத் தகடு. அவர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். கூட்டினார்.

'ஆராய்ச்சி நிலையத்தின் முதல் நிரல், 1967. உருவாக்கியவர்: பேராசிரியர் நீலமேகம்.'

அவ்வளவுதான்.

தகட்டின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். பொடி எழுத்தில் ஏதாவது இருக்கும்.

இல்லை.

காலையில் மனைவி சுகிர்தம்தான் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள். அவளுக்கு முட்டி மடங்காது, பஸ் ஏற முடியாது. "என் பேரை எந்தப் பக்கம் போட்டிருக்காங்கன்னு பாத்துட்டு வாங்க" என்றாள்.

போட்டிருக்கிறார்களா என்று கேட்கவில்லை. எந்தப் பக்கம் என்றுதான் கேட்டாள்.

அந்த அட்டைகள் அவள் அடித்தவை.

பேராசிரியர் தாளில் எழுதிக் கொடுப்பார். அவள் துளை மெஷினில் உட்கார்ந்து வரிக்கு ஒன்றாய் அட்டையில் துளை அடிப்பாள். ஆயிரத்துச் சொச்சம் அட்டை. அடித்து முடித்ததும் அட்டைக் கட்டை நெருக்கிப் பிடித்து, மேல்விளிம்பில் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஸ்கேல் வைத்து ஒரு சிவப்புக் கோடு இழுப்பாள்.

ஒரு அட்டை வரிசை மாறினாலும் நிரல் ஓடாது. கட்டு சிதறினால் கோட்டைப் பார்த்து அடுக்கிவிடலாம்.

அவருக்கு அது தெரியும். அப்போது இதே வாசலில் சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் அவள் கேரியரில் கயிறு அறுந்து அத்தனையும் மண்ணில் கொட்டியது. இரண்டு பேரும் குத்துக்காலிட்டு அடுக்கினார்கள். அவர் அஞ்சாங்கிளாஸ் தாண்டாதவர். கோடு நேரானது.

இன்னொன்றும் தெரியும். அட்டைகளைப் போட்டதும் மாடியில் கம்ப்யூட்டர் ஒழுங்காய் ஓடினால் பேராசிரியரின் கையைப் பிடித்துக் குலுக்குவார்கள். ஓடாமல் நின்றால் மாடியிலிருந்து சத்தம் வரும். சைக்கிள் ஸ்டாண்ட் வரைக்கும் கேட்கும்.

"இதை யார் அடிச்சது?"

அப்போது மட்டும் எல்லோருக்கும் அவள் பெயர் ஞாபகம் இருக்கும்.

"வந்துட்டீங்களா ஐயா. ஆன்ட்டி வரலையா?"

பிரவீணா. கண்காட்சிப் பொறுப்பாளர். ரெண்டு மாசம் முன்பு வீட்டுக்கு வந்து, சுகிர்தம் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, அட்டைக் கட்டை வாங்கிப் போனவள். பெயர் போடுவோம் என்று இவள் சொன்ன வாய் இன்னும் காயவில்லை.

"பேரு எங்கம்மா?"

அவளுக்குப் புரிந்தது. முகம் சுருங்கியது.

"கமிட்டியில ஒத்துக்கல ஐயா. ஆபரேட்டர் பேரைப் போட்டா எல்லா ஆபரேட்டர் பேரும் போடணுமாம். இது முன்னோடிகளுக்கு மட்டும்னு சொல்லிட்டாங்க."

"அவ பின்னாடியா வந்தா?"

பிரவீணா தகட்டைப் பார்த்தாள்.

அவர் பெட்டியைக் காட்டினார். "கோடு ஏன் இப்படிக் கெடக்கு?"

கோடு கோடாக இல்லை. ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கிக் கிடந்தது. நடுவில் சிவப்புப் புள்ளிகள் கண்டபடி இறைந்திருந்தன.

"அதுவா? வேன்லேர்ந்து எறக்கும்போது பெட்டி சாஞ்சிடுச்சு. ஒரு அட்டைகூடத் தொலையல ஐயா, நானே எண்ணிப் பாத்து அடுக்கினேன்." அவள் குரல் தேறியது. "அந்தச் செவப்பு, புரொபசர் போட்ட டிசைனாம். அலை மாதிரி இருக்குல்ல? எல்லாரும் அதைத்தான் படம் எடுக்குறாங்க."

அவர் அவள் முகத்தையே பார்த்தார். கேலி இல்லை. நிஜமாகவே சொல்கிறாள்.

"வெள்ளிக்கெழமை திறப்பு விழா ஐயா. பழைய மெஷின் ஒண்ணைச் சரி பண்ணி வெச்சிருக்கோம். புரொபசருக்குத் தொண்ணூத்திரெண்டு வயசு, வீல்சேர்ல வர்றார். அவர் கையால பட்டனை அமுக்கி, இதே அட்டைகளை ஓட்டிக் காட்டப் போறோம். மந்திரி வர்றார். டீவிக்காரங்க வர்றாங்க."

"இதே அடுக்குலயா?"

"ஆமா. ஏன்?"

கண்ணாடியில் அவர் விரல் நின்றது. ஒரு மணி நேரம் போதும். ஒரு நாற்காலியும் வெளிச்சமும் கொடுத்தால், கோட்டைப் பார்த்து முழுக்கட்டையும் நேராக்கிவிடுவார்.

வாயைத் திறந்தார்.

தகடு பளபளத்தது. புதுசாய்ச் செதுக்கிய எழுத்து.

வாயை மூடிக்கொண்டார்.

"நான் திரும்பவும் கேட்டுப் பாக்குறேன் ஐயா. ஆன்ட்டி பேரு எப்படியாவது வந்துடும். நம்புங்க."

அவள் கையில் பேனா இல்லை, தாள் இல்லை. போன்தான் இருந்தது. அதிலும் ஒன்றும் குறித்துக்கொள்ளவில்லை.

"எங்க வீட்டு நம்பர் வெச்சிருக்கியா?"

"இருக்கு ஐயா."

"அழிச்சிடாத."

வாசலைப் பார்த்து நடந்தார். பின்னால் யாரோ பெட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அலை நல்லாத் தெரியுதா என்று கேட்டார்கள்.

சைக்கிள் ஸ்டாண்ட் இருந்த இடத்தில் கார்கள் நின்றன. அவற்றுக்கு நடுவே புகுந்து பஸ் நிறுத்தத்துக்குப் போனார்.

எந்தப் பக்கம் என்று சுகிர்தம் கேட்பாள்.

வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறு என்று சொல்ல வேண்டும்.