மதில் தாண்டிய ரொட்டி

கார்தேஜ் அரசை எதிர்த்துக் கிளம்பிய அதன் கூலிப்படை, அரசின் கோட்டை ஒன்றை வளைத்திருந்தது. கவண்காரன் பால்கோ வெளியே, கூலிப்படையில். பட்டினி கிடந்த காவலர்களோடு அவன் தம்பி துரோன் உள்ளே. அவர்கள் பிறந்த தீவில், குறி பழகுவதற்காகத் தாய்மார் கிளையில் கட்டித் தொங்கவிடும் ரொட்டியைக் கவணால் வீழ்த்தினால்தான் பிள்ளைகளுக்குச் சாப்பாடு. தம்பிக்கும் சேர்த்து அண்ணனே அடிப்பான். இப்போதும் மூன்று நாளாகக் கல்லுக்குப் பதில் காய்ந்த ரொட்டியை மதிலுக்கு மேல் வீசினான். பதிலே இல்லை. தம்பி உயிரோடு இருக்கிறானா?

நான்காம் நாள் கூலிப்படைத் தளபதி அவனைப் பிடித்துவிட்டார். "என்னடா, எதிரிக்கு விருந்தா?"

"கல்லு மாதிரிதாங்க இருக்கு. பட்டா மண்டை உடையும்."

அப்போது மதில்மேல் எலும்பும் தோலுமாக ஒரு கை ஆடியது. "அண்ணே! உப்பே இல்லையே!"

"தின்னுட்டுப் பேச்சப் பாரு!" பால்கோ கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான்.

தளபதி முறைத்தார். பிறகு இடுப்புப் பையிலிருந்து ஒரு உப்புக்கட்டியை எடுத்து நீட்டினார். "குறி தப்புச்சுன்னா தோலை உரிச்சிடுவேன்."